ஐவி டீச்சர் முகம் திருத்தக் கற்ற கதை

குன்னூரை ஒட்டிய வெலிங்டன் பஜாரில் ஐவியை இன்றைக்கும் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் பாடம் நடத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. அவள் வேலை பார்த்த நர்சரிப் பள்ளி கொரோனா காலத்தில் மூடியது. ஊரடங்கு எடுத்த பிறகும் அது திறக்கவில்லை. குட்டி நாற்காலிகளை யாரோ மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை மழையில் குடைபிடித்து நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

கணவன் லெஸ்லி ராணுவக் கன்டோன்மென்ட்டில் சிவிலியன் ஊழியர். "இத்தன வருஷம் பிள்ளைங்க பின்னால ஓடினே. கொஞ்சம் உக்காரேன்" என்றார். ஐவிக்கு உட்காரத் தெரியவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். ஜன்னல் திரையைத் துவைத்தாள், காயாத வெயிலில் போட்டுவிட்டு வானத்தைத் திட்டினாள். குன்னூரில் மனோகரன் ஸ்டுடியோவுக்குத் தமிழ் டைப்பிங் தெரிந்த ஆள் வேண்டும் என்று சர்ச்சில் யாரோ சொன்னபோது, முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றுவிட்டாள்.

மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது ஸ்டுடியோ. மனோகரனுக்கு அறுபதை ஒட்டிய வயது. கலகலப்பான ஆள். சின்ன வயதில் அம்மை போட்டதில் இரண்டு கன்னங்களும் குழி குழியாக இருக்கும். ஆனால் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த அவருடைய போட்டோவில் ஒரு குழிகூடக் கிடையாது. கன்னங்கள் கண்ணாடிபோல வழுவழுவென்று இருக்கும். ஸ்டுடியோவின் தரத்துக்கு அதுவே விளம்பரம் என்று அவர் நம்பினார்.

கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பதும், பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக் கவரில் போடுவதும்தான் முதலில் ஐவியின் வேலை. கல்யாண சீசன் நடுவில், படம் திருத்திக்கொண்டிருந்த ஆள் கோயம்புத்தூரில் நல்ல இடம் கிடைத்ததென்று போய்விட்டான். மனோகரன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு ஐவியைப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், நீங்களே பாருங்களேன். மவுஸ் புடிக்கத் தெரியுமில்லீங்க?"

"அது மட்டுந்தாங்க தெரியும்."

"மத்ததெல்லாம் யூடியூப்ல இருக்குதுங்க."

அப்படித்தான் தொடங்கியது. பருவின் மேல் பிரஷை வைத்து ஒரு தட்டுத் தட்டினால், பக்கத்துத் தோல் வந்து அதை மூடிக்கொண்டது. பரு இருந்த இடமே தெரியவில்லை. முதல் தடவை அதைப் பார்த்தபோது ஐவி தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். பள்ளியில் குரூப் போட்டோ எடுக்கும் நாளில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஈரக் கர்ச்சீப்பால் மூக்கையும் வாயோரத்துச் சட்னியையும் துடைத்து, பவுடர் ஒற்றி அனுப்புவாள். இதுவும் அதே வேலைதான் என்று தோன்றியது.

துடைக்கத் தெரிந்த கைக்கு நிறுத்தத் தெரியவில்லை. பரு போனது. பிறகு மச்சம் போனது. கண்ணுக்குக் கீழே கருவளையம் போனது, சிரிப்புக் கோடு போனது. மொத்த முகத்தையும் மங்கலாக்கி மிருதுவாக்கும் ஒரு வழியைக் கண்டுபிடித்த அன்று வேலை பாதியாகக் குறைந்தது. கட்டபெட்டிலிருந்து வந்த ஒரு கல்யாண ஆல்பத்தில் பெண், மாப்பிள்ளை, மாமன், அத்தை, பந்தியில் பரிமாறியவர் வரை எல்லோரையும் அப்படியே பளபளப்பாக்கிக் கொடுத்தாள். குடும்பமே வந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போனது. "அப்படி ஒரு பளிச்சுங்க டீச்சர்!" என்றார் மனோகரன்.

அந்தக் கல்யாணத்தைப் படமெடுத்தவள் ஷைனா. கூடலூர்க்காரி. இருபத்தாறு வயது. ஜெர்கின் போட்டு, கேமராப் பையை மாட்டி, ஸ்கூட்டரிலேயே மலை முழுக்கச் சுற்றுவாள். மறுநாள் வந்தவள் ஐவியின் திரைக்கு முன்னால் நின்று ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

"சேச்சி, இது ஆரு?"

"பொண்ணோட சித்தி."

"இது?"

"மாப்பிள்ளையோட அக்கா."

"ரெண்டு பேரையும் ஒரே சோப்புல செஞ்சு வச்ச மாதிரி இருக்கே!"

ஐவிக்குச் சுருக்கென்றது. தன் வகுப்பில் படித்திருக்கக்கூடிய வயதுப் பெண் இவள். "பாத்தவங்களுக்குப் பிடிச்சிருக்கே" என்றாள்.

"இன்னைக்குப் பிடிக்கும் சேச்சி. பத்து வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணு ஆல்பத்தைத் திறக்கறப்போ, உள்ள அவளோட சித்தி இருக்கணும் அல்லே?"

ஐவி ஆல்பத்தை மூடிவிட்டு அடுத்த படத்தைத் திறந்தாள். அன்றைக்கு முழுக்க ஷைனாவுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த வாரம் சர்ச் டைரக்டரிக்காகத் தன் போட்டோவையும் ஐவி அதே மாதிரி திருத்திக் கொண்டுபோய் வீட்டில் காட்டினாள். லெஸ்லி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தம்மாகிட்டப் போயி இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துன்னு கேக்க எனக்கு பயமா இருக்கும்."

ஐவிக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. திங்கட்கிழமை ஷைனா வந்ததும் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "சரி, சொல்லு. எப்படிப் பண்ணணும்?"

ஷைனாவுக்குப் பொறுமை கம்மி. சொல்லிக்கொடுப்பதைவிட மவுஸைப் பிடுங்குவது அதிகம். ஆனாலும் விஷயம் தெரிந்தவள். ஒரு வாரத்தில் தானாகப் போய்விடுகிற பருவையும் கீறலையும் எடுக்கலாம், கூடவே வாழ்கிற மச்சத்தையும் தழும்பையும் கேட்காமல் தொடக்கூடாது என்றாள். கருவளையத்தைத் துடைத்தால் கண் முகத்தில் ஒட்டவைத்ததுபோல ஆகிவிடும், நிழலைப் பாதி மட்டும் வெளுக்க வேண்டும் என்றாள். ஒரே முகத்தை இரண்டு லேயராகப் பிரித்துக் காட்டினாள். ஒன்றில் நிறமும் நிழலும் மட்டும், இன்னொன்றில் தோலின் நுண்துளையும் கோடும் பூனைமுடியும் மட்டும். நிறம் திட்டுத்திட்டாக இருந்தால் அந்த லேயரில் மட்டும் கைவைத்தால் போதும், தோல் தோலாகவே இருக்கும்.

"அப்புறம், இவ்வளவு பெரிசு பண்ணி மூக்கை ஒட்டி வச்சுப் பாக்காதீங்க சேச்சி. எழுந்து அந்தக் கதவுகிட்டப் போயி நின்னு பாருங்க. அங்கருந்து பாத்தா ஒண்ணும் பண்ணாத மாதிரி தெரியணும். அதான் கணக்கு."

ஐவி கதவுக்கும் நாற்காலிக்குமாக நடக்க ஆரம்பித்தாள். வேலை மெதுவாக நகர்ந்தது. "ஏனுங்க டீச்சர், நேத்தும் இதே மூஞ்சிதானே இருந்துச்சு?" என்று மனோகரன் எட்டிப் பார்த்துக் கேட்பார். "நம்ம கஸ்டமருக்குச் செவப்பா வேணும், அவ்வளவுதானுங்க. ஷைனா பேச்சைக் கேட்டா கடை நடத்த முடியாது." அவர் சொன்னதிலும் பொய்யில்லை. இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் ஏதோ செய்துகொண்டிருந்தாள் ஐவி. யார் சொல்வது சரி என்று அவளுக்கே தீர்மானமாகத் தெரியவில்லை.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில் சின்னம்மை என்ற பெண்மணி படியேறி வந்தாள். கூடவே அவள் மகள் வாசுகி. குன்னூருக்குப் பக்கத்து எஸ்டேட் லைனில் வீடு. சின்னம்மை சிறுபிள்ளையாக இருக்கும்போது அவள் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தது. லைன் வீட்டை இன்றும் லயம் என்றுதான் சொல்வாள். மகள் கோயம்புத்தூரில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். சின்னம்மையின் கணவர் முனியசாமி தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்தவர். போன வாரம், மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று வாசுகி தன் போனை நீட்டினாள். தோட்டத்து மாரியம்மன் பண்டிகையில் அப்பாவும் அவளுமாக எடுத்த செல்ஃபி. அப்பாவின் கை மகள் தோளில் இருந்தது. போனின் பியூட்டி ஃபில்டரில் முனியசாமியின் முகம் ரோஜாப்பூ நிறமாகியிருந்தது. உதடு சிவந்திருந்தது. கண்கள் அகன்று மின்னின. வேறு படம் உண்டா என்று ஐவி கேட்டாள். ஆதார் அட்டையில் ஒன்று இருந்தது, கட்டைவிரல் நகமளவு, அதுவும் கலங்கல்.

ஐவி செல்ஃபியிலிருந்து முனியசாமியை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் நீல நிறம் போட்டு, வெள்ளைச் சட்டை மாட்டி, மாதிரிக்கு ஒரு பிரின்ட் எடுத்துக் கொடுத்தாள். சின்னம்மை அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாரு தங்கச்சி இது?"

"அம்மா..." என்றாள் வாசுகி.

"நீ சும்மா இரு." சின்னம்மை படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். "லயத்து வாசல்ல பேனர் கட்டினாங்க. அதுலயும் இதே மூஞ்சிதான். துட்டிக்கு வந்தவங்கல்லாம் அதைக் கும்புட்டுட்டுப் போனாங்க. நான் ஏறெடுத்துப் பாக்கல. யாரோ ஒரு ஆளுக்கு நான் எதுக்கு அழுவணும்? எங்க மனுசன் கருப்பு. அம்மை போட்ட மூஞ்சி. இது யாரோ பொம்பள மாதிரி இருக்கு."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. வாசுகி தலையைக் குனிந்துகொண்டாள். ஐவிக்குத் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எத்தனை முகங்களை இந்த மாதிரி ஆக்கி அனுப்பியிருக்கிறோம் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதை ஒதுக்கிவிட்டு, ஷைனாவுக்காகப் போட்டிருந்த ஸ்டூலை இழுத்தாள்.

"அக்கா, இங்க வந்து உக்காருங்க. நீங்க சொல்லச் சொல்ல நான் பண்றேன். வரலைன்னா வரலைன்னு சொல்லிடறேன்."

சின்னம்மை உட்கார்ந்தாள்.

போனின் ஃபில்டர் செய்த வேலை முகத்தோடு நின்றுபோயிருந்தது. அதை ஐவி கவனித்தாள். மகள் தோளில் இருந்த கையை அது தொடவில்லை. அந்தக் கை அசல் முனியசாமியின் கை. கறுத்த முட்டிகள், புடைத்த நரம்பு, தேயிலைக் கறை போகாத நகங்கள். அந்தக் கையின் நிறத்தை எடுத்து முகத்தின் நிற லேயரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். நெற்றியில் அதிகமாக, கன்னத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. உதட்டுச் சிவப்பை இறக்கினாள். ஆதார் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அகன்ற கண்களைப் பழைய அளவுக்குச் சுருக்கினாள்.

"ஆமா" என்றாள் சின்னம்மை மெல்ல. "கண்ணு அவர் கண்ணுதான். ஆனா மூஞ்சி பலூன் மாதிரி இருக்கே."

அங்கேதான் ஐவி மாட்டிக்கொண்டாள். தோலே இல்லை. போன் அதை வழித்து எடுத்துவிட்டது. ஷைனாவுக்கு வீடியோ கால் போட்டாள். அவள் கூடலூரில் ஏதோ கல்யாண மண்டபத்துச் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு படத்தைப் பார்த்தாள்.

"அதுல இல்லாததை அதுலருந்தே எடுக்க முடியாது சேச்சி. வேற ஆளோட தோல் வேணும். ஏகதேசம் அதே வயசு. வெயில் அவருக்கு எந்தப் பக்கம் விழுந்திருக்கு? இடது. அப்போ இடதுலருந்தே வெளிச்சம் விழணும். இல்லேன்னா குழியெல்லாம் மேடாத் தெரியும்."

ஐவி போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கல்லாவில் மனோகரன் லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தார். அவள் பார்க்கிற பார்வை அவருக்கு விளங்கவில்லை.

"என்னங்க டீச்சர்?"

"உங்க கன்னம் வேணுங்க."

"என்னது?"

ஐவி விஷயத்தைச் சொன்னாள். மனோகரனின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. "அதெல்லாம் சரிப்படாதுங்க. வேற யாராச்சும்... கீழ மருந்துக் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்க" என்று இழுத்தார். அதற்குள் சின்னம்மை ஸ்டூலைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தாள். மனோகரனை அப்படி யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அவள் குறையைப் பார்க்கவில்லை, தேடின பொருள் கிடைத்ததுபோலப் பார்த்தாள்.

"இதே மாதிரிதாங்க ஐயா அவருக்கும் இருக்கும்" என்றாள்.

மனோகரன் லேமினேஷன் மிஷினை அணைத்தார். "பவுடர் போட்டிருக்கேன். கழுவிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனார். ஈர முகத்தோடு வந்து, இடது பக்கம் வெளிச்சம் விழும்படி ஜன்னலோரம் நின்றார். முப்பது வருஷமாக மற்றவர்களிடம் "அசையாதீங்க" என்று சொன்னவர், தான் நிற்கும்போது ரொம்பவே அசைந்தார்.

அந்தக் கன்னத்தின் நுண்மையை மட்டும் பிரித்தெடுத்து, முனியசாமியின் முகத்தின் மேல் ஐவி பரப்பினாள். முதலில் அது முகமூடி ஒட்டியதுபோல இருந்தது. அழுத்தத்தைக் குறைத்தாள். கதவுவரை நடந்துபோய்ப் பார்த்தாள். திரும்பி வந்து இன்னும் குறைத்தாள். எந்தக் குழி எங்கே இருக்க வேண்டும் என்று சின்னம்மை சொன்னாள். அவள் விரல் திரையைத் தொடாமல், ஒரு சாண் தள்ளியே நகர்ந்தது.

"மூக்குகிட்ட ரெண்டு. பெருசா. நெத்தியில கிடையாது. மீசை வலப்பக்கம் கொஞ்சம் எறங்கியிருக்கும், அவருக்கு வெட்டத் தெரியாது. நரை இன்னும் வேணும் தங்கச்சி. தாடையில முள்ளு முள்ளா வெள்ளை முடி."

அன்றைக்கு முடியவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். ஐவி தாடையில் நரைமுடியைச் சின்னச் சின்னக் கீற்றுகளாக வைத்துக்கொண்டே போனாள். நடுவில் வாசுகி டீ வாங்கி வந்தாள். ஐவி டீயைக் குடித்துவிட்டு, கன்னத்தின் நிழலைக் கடைசியாக ஒருமுறை ஆழமாக்கிவிட்டு, திரையில் முழுப் படத்தையும் சிறிதாக்கிக் காட்டினாள்.

சின்னம்மை பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"பாரு, போட்டோ எடுக்கணும்னு தெரிஞ்சும் சவரம் பண்ணாம வந்து நிக்கிறாரு பாரு. எத்தன தடவ சொல்லுறது இந்த மனுசனுக்கு!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. வாசுகி சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சின்னம்மையும் அழுதாள். கணவர் இறந்த அன்றிலிருந்து அவள் அழவில்லை என்பதை வாசுகி பிறகு ஐவியிடம் சொன்னாள். மனோகரன் கீழே மருந்துக் கடைக்கு ஏதோ வேலையாகப் போவதுபோலப் போய்விட்டார்.

அழுது ஓய்ந்த பிறகு வாசுகி கண்ணைத் துடைத்தாள். "அம்மா, நான் வேணும்னு அப்படி எடுக்கல. அப்பாதான் கேட்டாரு. உன் போன்ல செவப்பாக் காட்டுமாமே, என்னையும் ஒருக்கா எடு பாப்பான்னு. எடுத்துக் காட்டினதும் அப்படி ஒரு சிரிப்பு. அவரோட போன்ல முன்னால வர்ற படமா அதைத்தான் வச்சிருந்தாரு."

ஐவியின் கை மவுஸ்மேல் அப்படியே நின்றது. இரண்டு நாளாக அவள் தேடித்தேடித் துடைத்தது அந்த மனிதர் ஆசையாகக் கேட்டு வாங்கியது. இது அவள் எதிர்பாராதது. சின்னம்மையின் முகத்தைப் பார்க்கவே தயங்கினாள்.

சின்னம்மை மூக்கை உறிஞ்சினாள். "எங்கிட்ட சொல்லவேயில்லையே" என்றாள். அப்புறம், "சொல்லமாட்டாரு. கல்யாணத்தன்னைக்கே மூஞ்சியெல்லாம் பவுடரை அப்பிக்கிட்டு வந்த ஆளுதானே. எங்க மாமா, மாப்பிள்ள மாவு மில்லுலருந்து வர்றாரான்னு கேட்டாரு" என்றாள். இந்தத் தடவை மூன்று பேருமே சிரித்தார்கள்.

"தங்கச்சி, இதைப் பெருசா போட்டு ஃபிரேம் பண்ணிக் குடு. இதுதான் செவுத்துக்கு. அந்தச் செவப்புப் படத்தையும் சின்னதா ஒண்ணு போட்டுக் குடு. அவரு ஆசைப்பட்டது, வீணாக்கக் கூடாது."

இரண்டையும் செய்து கொடுத்தாள் ஐவி.

அதற்குப் பிறகு யார் படம் கொண்டுவந்தாலும் முதலில் கேட்டுவிட்டுத்தான் தொடுவாள். எதை எடுக்கட்டும், எதை விடட்டும்? சிலர் இந்தக் கேள்வியிலேயே பொறுமையிழந்து, இறங்கி அடுத்த கடைக்குப் போனார்கள். பிக்கட்டியிலிருந்து வந்த ஒரு கல்யாணப்பெண் மட்டும் வெகுநேரம் யோசித்து, "மோவாய்த் தழும்பு இருக்கட்டுங்க. அது கேரட் தோட்டத்துல விழுந்தது" என்றாள். அதே பெண் தன் கையை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கச் சொன்னாள். ஐவி கொஞ்சம் வெளுப்பாக்கினாள். இதில் ஒரு சட்டம் போட்டு வைக்க முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

போன வருஷம் ஷைனாவும் ஐவியும் சேர்ந்து வெலிங்டன் பஜாரிலேயே ஒரு சிறிய அறை பிடித்தார்கள். மனோகரன் முதலில் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் தன் பழைய ஸ்டாண்ட் லைட் இரண்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஷைனா ஊர் ஊராகப் போய் எடுத்து வருவாள், ஐவி உட்கார்ந்து திருத்துவாள். இருவருக்கும் வாரம் ஒரு சண்டையாவது வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து ஐவி கடை திறக்கும் நேரத்தில், ராணுவப் பயிற்சிக்கு வந்திருக்கும் பையன்கள் அவுட் பாஸ் வாங்கிக்கொண்டு பஜாருக்கு வருவார்கள். வீட்டுக்கு அனுப்ப யூனிஃபார்மில் ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவன், வள்ளியூர்ப் பக்கம், படம் எடுத்த பிறகும் போகாமல் திரைக்குப் பக்கத்தில் நின்றான். மலை வெயில் குளிரில் தெரியாது, மெதுவாகச் சுட்டுவிடும். அவன் மூக்கும் கன்ன எலும்பும் கன்றித் தோல் உரிந்திருந்தன.

"அக்கா, இதைக் கொஞ்சம் எடுத்துருதியளா? எங்கம்மை பாத்தா அழுவாவ."

ஐவி மூக்கில் உரிந்த தோலை முழுதாக எடுத்தாள். கன்னத்துக் கன்றலை எடுக்கப் போய் நிறுத்தி, பாதி மட்டும் குறைத்தாள். எழுந்து கதவோரம் போய் நின்று பார்த்தாள். அவனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"போதுமா?"

பையன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். "கொஞ்சம் கறுத்திருக்கேன்" என்றான்.

"ஆமா. வெயில்ல நின்னா கறுப்போம்தானே."

"சரிக்கா. இருக்கட்டு" என்றான். ஐவி பிரின்ட் பட்டனைத் தட்டினாள். மிஷின் சத்தம் போட்டுக்கொண்டு படத்தைத் தள்ளத் தொடங்கியது. அவன் முதல் ஓரம் வெளியே வந்ததிலிருந்தே கையை நீட்டிக்கொண்டு நின்றான்.